“களைத்துவிட்டேன்” என்று சொல்லும் கறுப்பின முதியவரிடம் எப்படிக் கேட்பது?

இல்லம்தேடும் செவிலி எழுதியது:

வணக்கம். ஃபிலடெல்பியாவின் வடபகுதியில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியாகப் பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்த கறுப்பினத்தவர். அவர்களுள் ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே கேட்கிறேன். அமெரிக்காவில் மனநலத் துறையிலும் மூத்தோர் நலப் பணியிலும் இருக்கும் தமிழர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் படித்திருக்கிறேன். மனத்தை அழுத்துகிற ஒன்றைத் தாய்மொழியில் கேட்பதே எனக்கு எளிதாக இருக்கிறது.

அவருக்கு எழுபதுகளின் நடுவயது. தென் கரோலினாவில் பிறந்து, சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் வடக்கே வந்தவர். வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர். பிறகு முப்பது ஆண்டுகள் பணிமனையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். 2020ஆம் ஆண்டின் ஏப்ரலில் கோவிட் அவருடைய மனைவியைக் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனைக்குள் அவரை விடவில்லை, அடக்க ஆராதனையையும் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் ஒன்று இருப்பதால் வாரம் மூன்று முறை நான் அவர் வீட்டுக்குப் போகிறேன்.

சில மாதங்களாக அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: “களைத்துவிட்டேன்.” சில நாள்களில் அதோடு, “கர்த்தர் அழைக்கும்போது நான் தயார்” என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். இது பக்தியுள்ள முதியவர்கள் பலரும் இயல்பாகச் சொல்வதுதான், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் படிவத்தில் உள்ள இரண்டு கேள்விகளையும், அதாவது கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்ததா என்பதையும், நான் கேட்டபோது இரண்டுக்கும் “இல்லை” என்றே பதில் சொன்னார். ஆனால் சென்ற வாரம், வாழ்நாள் முழுவதும் சேர்த்த கருவிகள் அடங்கிய பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மாத்திரை எடுக்கப் படுக்கையருகே இருந்த இழுப்பறையைத் திறந்தபோது அங்கே ஒரு பழைய கைத்துப்பாக்கி இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடன் பணிபுரியும் ஒருவர், “கறுப்பின முதியவர்கள் அப்படியெல்லாம் செய்துகொள்வதில்லை, அவர்களுக்குத் திருச்சபை இருக்கிறது” என்று சொல்லி முடித்துவிட்டார். மனநல ஆலோசகரைப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, முதியவரோ, “எனக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய நம்பிக்கையை இழக்காமல் நான் எப்படிக் கேட்பது? யாரையாவது அழைத்தால் வாசலில் காவல்துறை வந்து நிற்குமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. இதே நகரத்தில், மேற்கு ஃபிலடெல்பியாவில், 2020 அக்டோபரில் மனநல நெருக்கடியில் இருந்த வால்டர் வாலஸ் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் அவருடைய தாயின் கண்முன்னே சுட்டுக்கொன்றதை இந்தத் தெருக்களில் யாரும் மறக்கவில்லை.

—

கரையோரம் எழுதியது:

சகோதரி, நான் மேரிலாந்தில் முதியோர் மருத்துவப் பிரிவில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஒன்று: அடுத்த முறை போகும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கருவிப்பெட்டி, துப்பாக்கி, மனைவியின் மறைவு, ஆறாத புண், “களைத்துவிட்டேன்” என்ற சொல் ஆகிய ஐந்தும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கின்றன. இன்றே உங்கள் மேற்பார்வையாளருக்கும் அவருடைய மருத்துவருக்கும் சொல்லுங்கள், இன்றே அவரைப் போய்ப் பாருங்கள். இந்தச் சுமையை நீங்கள் ஒருவராகச் சுமக்கக் கூடாது.

கேட்கும்போது சுற்றி வளைக்காமல் நேரே கேளுங்கள். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும்கூட இருக்கிறது. ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்றே காட்டியிருக்கின்றன. நான் கேட்கும் விதம் இது: முதலில் அவருடைய சொல்லையே எடுத்துக்கொள்வேன். “களைத்துவிட்டேன் என்று சொன்னீர்கள் ஐயா. இது உடம்பின் களைப்பா, இருப்பதே போதும் என்ற களைப்பா?” அதன்பின் பதிலுக்குக் காத்திருப்பேன். அந்த மௌனம் நீளமாக இருந்தாலும் நான் அதை நிரப்புவதில்லை. பிறகு, “இவ்வளவு இழப்புகளைத் தாங்கியவர்கள் சில வேளைகளில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள நினைப்பதுண்டு. உங்களுக்கு அந்த நினைப்பு வந்திருக்கிறதா?” என்பேன். கர்த்தர் அழைக்கக் காத்திருப்பது வேறு, அழைப்பதற்கு முன்பே போக நினைப்பது வேறு. அந்த வேறுபாட்டை அவரே நன்றாக அறிவார், கேட்டால் சொல்லவும் செய்வார். படிவம் அந்த வேறுபாட்டைக் கேட்பதில்லை. மேலும், அவர் தலைமுறையைச் சேர்ந்த பலர் மனச்சோர்வை “நரம்புத் தளர்ச்சி” என்றோ, முதுகுவலி என்றோ, எரிச்சல் என்றோதான் சொல்வார்கள். “மனம் சோர்ந்திருக்கிறதா” என்ற கேள்விக்கு அவர்கள் “இல்லை” என்று சொல்வது பொய்யன்று, அது அவர்களுடைய சொல்லே அன்று.

“ஆம்” என்று சொன்னால், எப்படி, எப்போது என்று திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராமல், அவர் அருகில் இருந்துகொண்டே 988 என்ற எண்ணை அழையுங்கள். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதற்கும் உள்ள நெருக்கடி உதவி எண் அது. அழைப்புகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவானவற்றில்தான் காவல்துறை உள்ளிட்ட அவசரச் சேவையை அனுப்ப நேர்கிறது, மற்றவை பேச்சிலேயே கையாளப்படுகின்றன. ஃபிலடெல்பியாவில் வீட்டுக்கே வரும் நடமாடும் நெருக்கடிக் குழுக்களும் இருக்கின்றன, அவர்களை அனுப்பும்படி நீங்கள் வெளிப்படையாகவே கேட்கலாம். அவர் முன்னாள் படைவீரர் என்பதால் 988 அழைத்தவுடன் 1ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான பிரிவு கிடைக்கும். 2023 ஜனவரியிலிருந்து, தற்கொலை நெருக்கடியில் உள்ள படைவீரர்கள் எந்த மருத்துவமனைக்கும் சென்று கட்டணமின்றி அவசரச் சிகிச்சை பெறலாம். உள்நோயாளியாக 30 நாள்வரை, புறநோயாளியாக 90 நாள்வரை. படையிலிருந்து எந்த முறையில் விடுவிக்கப்பட்டார் என்பது போன்ற சில நிபந்தனைகள் உண்டு என்றாலும், படைவீரர் மருத்துவ அமைப்பில் முன்பே பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

துப்பாக்கியைப் பற்றிப் பேசாமல் வராதீர்கள். அமெரிக்காவில் தற்கொலை மரணங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கியால் நிகழ்கின்றன, முதிய ஆண்களிடம் அந்தப் பங்கு இன்னும் பெரியது. ஆனால் “அதை எடுத்துக்கொண்டு போகிறேன்” என்று சொன்னால் கதவு மூடிவிடும். அவர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருப்பது அது. கறுப்பின மனிதர் ஒருவரிடம் அதைப் பறிக்க முயல்வதற்கு வேறு பொருளும் உண்டு. “இந்த மோசமான மாதங்கள் கடக்கும்வரை உங்கள் உறவினர் யாராவது அதை வைத்திருக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், பூட்டிவைத்துச் சாவியை வேறொருவரிடம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். படைவீரர் மருத்துவ அமைப்பு துப்பாக்கிப் பூட்டுகளை இலவசமாகவே தருகிறது.

அவரோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். ஒரு தாள் போதும். எந்த அறிகுறி வந்தால் நிலைமை மோசமாகிறது, தானே செய்துகொள்ளக்கூடியது என்ன, யாரோடு போய் உட்காரலாம், யாரை அழைக்கலாம், ஆபத்தான பொருளை எப்படிக் கைக்கு எட்டாமல் வைப்பது என்பவற்றை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். இந்த முறையைப் பார்பரா ஸ்டான்லியோடு சேர்ந்து வகுத்த கிரகரி பிரவுன் உங்கள் ஊரின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்தான். படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் தாளும் அதன்பின் தொலைபேசி விசாரிப்புகளும் கிடைத்தவர்களிடம், அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. தாள் பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதி அந்தத் தொலைபேசி விசாரிப்பில் இருக்கிறது என்பது என் அனுபவம்.

—

பழைய ஏடு எழுதியது:

உங்கள் சக பணியாளர் சொன்னதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பொதுச் சுகாதார வரலாறு என் படிப்பு. கறுப்பின முதியவர்களின் தற்கொலை விகிதம் வெள்ளை இன முதிய ஆண்களின் விகிதத்தைவிடக் குறைவு என்பது உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. 2001 முதல் 2003 வரை நடந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்றில், மூத்த கறுப்பினத்தவரில் நூற்றில் ஏறக்குறைய 6 பேர் வாழ்நாளில் எப்போதாவது தற்கொலையைப் பற்றித் தீவிரமாக எண்ணியதாகவும், 2 பேர் முயன்றதாகவும் கூறியிருக்கிறார்கள். கறுப்பினத்தவர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், 2018இல் ஒரு லட்சத்துக்கு 7.3ஆக இருந்த தற்கொலை விகிதம் 2021இல் 8.7ஆக உயர்ந்தது. கறுப்பினத்தவரின் மரணங்களில், தற்கொலையாக இருக்கக்கூடியவை “காரணம் தீர்மானிக்கப்படாதது” என்ற பட்டியலுக்குள் போய்விடுவதும் வெள்ளையரிடத்தைவிட அதிகம். விகிதம் குறைவு என்பதால் யாரும் கேட்பதில்லை, யாரும் கேட்காததால் எதுவும் தெரியவருவதில்லை. உங்கள் நோயாளி அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

“எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை” என்று அவர் சொன்னதை அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள். அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பின்னும் அதைக் கொடுக்காமல் அரசே வேடிக்கை பார்த்தது பலருக்கும் தெரியும். ஃபிலடெல்பியா முதியவருக்கு அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. அந்த நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளின் தோலில் மருந்துகளையும் வேதிப்பொருள்களையும் சோதித்தார்கள். நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2022இல்தான். அவருடைய வயதில் உள்ளவர்களுக்கு அந்தச் சிறைக்குப் போய்வந்த ஓர் அண்ணனோ, தெருக்காரரோ இருந்திருப்பார்கள். மனநல மருத்துவத்தின் கணக்கு இன்னும் பழையது. அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று 1851இல் ஒரு மருத்துவர் எழுதினார். மேரிலாந்தின் கிரவுன்ஸ்வில் மருத்துவமனை 1911இல் கறுப்பின மனநோயாளிகளுக்கென்று தொடங்கப்பட்டபோது, அதன் கட்டடத்தை எழுப்ப நோயாளிகளையே வேலை வாங்கினார்கள். இன்றும் ஒரே மாதிரியான அறிகுறிகளோடு வரும் கறுப்பினத்தவருக்கு மனச்சோர்வு என்று எழுதவேண்டிய இடத்தில் மனச்சிதைவு நோய் என்று எழுதப்படுவது அதிகமாக நடக்கிறது.

இன்னொரு சிறிய விஷயம், ஆனால் சிறியதன்று. அவரை ஒருபோதும் முதற்பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அவர் பிறந்த தெற்கில், எழுபது வயதுக் கறுப்பின மனிதரையும் வெள்ளைக்காரச் சிறுவர்கள் பெயர் சொல்லியும் “பையா” என்றும் அழைத்த காலம் அது. “மிஸ்டர்” என்ற சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைப்பது அவருக்கு வெறும் உபசாரம் அன்று.

—

சீயோன் மகள் எழுதியது:

அக்கா, நான் திருநெல்வேலியிலிருந்து வந்து, இங்கே ஜெர்மன்டவுனில் ஒரு கறுப்பினத் திருச்சபையில் பதினாறு வருடங்களாக ஆராதிக்கிறேன். “அவர்களுக்குத் திருச்சபை இருக்கிறது” என்ற சொல்லைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அதில் பாதி உண்மைதான். 2020இல் எங்கள் ஆலயம் ஒரு வருடத்துக்கு மேல் மூடியிருந்தது. திறந்தபோது முன்வரிசையில் உட்காரும் மூத்தவர்களில் பலர் இல்லை. இருந்தவர்களில் சிலர் காலில் புண்ணோடும் மூச்சிரைப்போடும் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். திரையில் ஆராதனை பார்ப்பவரை யாரும் தோளில் தட்டி, “எப்படி இருக்கிறீர்கள்” என்று கேட்பதில்லை. உங்கள் ஐயா கடைசியாக எப்போது ஆலயத்துக்குள் போனார் என்று கேட்டுப் பாருங்கள்.

விசுவாசம் இருந்தால் இப்படி எண்ணம் வராது என்று முன்பு எங்கள் மூத்தவர்களும் சொல்வார்கள். எங்கள் போதகர் ஒருமுறை எலியாவைப் பற்றிப் பிரசங்கித்தார். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட தீர்க்கதரிசி அவர். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். அந்தப் பிரசங்கம் முடிந்த பிறகு, எண்பது வயதான ஒரு தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கணவர் இறந்த ஆண்டில் தானும் அந்தச் செடியின் கீழே படுத்திருந்ததாகச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் அதை யாரிடமும் சொன்னதில்லையாம். பலசாலியான கறுப்பினப் பெண் அழக்கூடாது என்று அவரை எல்லோரும் சேர்ந்து வளர்த்திருந்தார்கள்.

அவருடைய அனுமதியோடு அவருடைய திருச்சபையின் டீக்கன் (உதவி ஊழியர்) ஒருவரையோ போதகரையோ அழையுங்கள். அனுமதி முக்கியம். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் அவர் இன்னும் ஒதுங்கிவிடுவார். ஜெபிக்க மட்டும் வருகிற ஆளைவிட, ஜெபித்துவிட்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளைத் தேடுங்கள்.

—

மூத்தோர் மையத் தன்னார்வலர் எழுதியது:

மேலே எழுதியவர்கள் நெருக்கடியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பின் வரும் மாதங்களுக்காக ஒன்று சொல்கிறேன்.

“ஆலோசகரைப் பார்க்கிறீர்களா” என்ற கேள்வி அவருக்கு ஒரு மனநல மருத்துவமனையின் கதவாகத் தெரிகிறது. உங்கள் நகரத்திலேயே, ஜெர்மன்டவுனில் உள்ள சென்டர் இன் த பார்க் என்ற மூத்தோர் மையத்தோடு சேர்ந்து லாரா கிட்லின் என்ற ஆய்வாளரின் குழு ஒரு முறையைச் சோதித்தது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த 208 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அதில் பங்கேற்றார்கள், முடிவுகள் 2013இல் வெளியாயின. சமூகப்பணியாளர் வீட்டுக்கே வந்து, நான்கு மாதங்களில் பத்து முறை வரை சந்தித்தார். மனச்சோர்வைப் பற்றிப் பேசியதோடு, மின்கட்டண நிலுவை, மருந்துக்கான பணம், மருத்துவரிடம் போக வண்டி போன்றவற்றையும் தீர்த்துவைத்தார். மனத்துக்குப் பிடித்த ஒரு செயலை ஒவ்வொரு வாரமும் மறுபடி தொடங்கவைத்தார். மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. மின்சாரம் துண்டிக்கப்படப்போகிற வீட்டில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில் பொருளில்லை என்பதை அந்தக் குழு முதலிலேயே புரிந்துகொண்டிருந்தது. இந்த அளவுக்குக் கறுப்பின மூத்தோரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட வேறொன்றை நான் கண்டதில்லை. ஒவ்வொரு நகரத்திலும் இது கிடைக்காமல் இருப்பதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், மருத்துவரைப் பார்க்கும் செலவுகளுக்கான பி பகுதி ஆண்டுக்கு ஒருமுறை மனச்சோர்வுப் பரிசோதனையைக் கட்டணமின்றித் தருகிறது. மனநலச் சிகிச்சைக்கு நோயாளி ஒருகாலத்தில் பாதித் தொகையைக் கட்டவேண்டியிருந்தது படிப்படியாகக் குறைந்து, 2014இலிருந்து மற்றச் சிகிச்சைகளைப் போலவே 20 விழுக்காடுதான். 2024 ஜனவரியிலிருந்து உரிமம் பெற்ற மனநல ஆலோசகர்களும் குடும்ப ஆலோசகர்களும் மெடிகேரில் சேரலாம். கறுப்பின ஆலோசகர் ஒருவர் கிடைக்கும் வாய்ப்பு இதனால் சற்றுக் கூடியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களில் கறுப்பினத்தவர் மிகச் சிலரே என்பதால் இது பெரிய விஷயம். உங்கள் பகுதியில் மூத்தோருக்கு என்னென்ன சேவைகள் உள்ளன என்பதை 1-800-677-1116 என்ற தேசிய மூத்தோர் வழிகாட்டி எண்ணில் கேட்கலாம். படைவீரர்களுக்கென்று தனியாக இயங்கும் ‘வெட் சென்டர்’களையும் விட்டுவிடாதீர்கள். அங்கே பணியாற்றுபவர்களில் பலர் போருக்குப் போய்வந்தவர்கள். மருத்துவமனை வாசனை இல்லாத இடம் என்பதாலேயே சிலர் அங்கே போகச் சம்மதிக்கிறார்கள்.

—

இல்லம்தேடும் செவிலி எழுதியது (பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு):

உங்கள் அனைவருக்கும் நன்றி. முதல் பதிலைப் படித்த அன்றே மேற்பார்வையாளரிடமும் மருத்துவரிடமும் பேசிவிட்டு மாலையில் போனேன். கரையோரம் அவர்கள் எழுதியபடியே, உடம்பின் களைப்பா, இருப்பதன் களைப்பா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இரண்டாவது” என்றார். துப்பாக்கியைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே அவரே பேசினார். இரண்டு முறை அதைக் கையில் எடுத்து வைத்திருந்ததாகவும், அன்று எந்த நேரமும் அது நடந்துவிடலாம் என்று தனக்கே பயமாக இருந்ததாகவும் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே 988ஐ அழைத்து, 1ஐ அழுத்திப் பேசினோம். காவல்துறை வரவில்லை. அவருடைய தங்கை மகன் அன்றிரவே காம்டனிலிருந்து வந்து, துப்பாக்கியைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டு, மறுநாள் காலையில் அவரைப் படைவீரர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நான்கு நாள்கள் அங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறார். மாத்திரை ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

பாதுகாப்புத் திட்டத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார். அறிகுறி என்ற இடத்தில் அவர் எழுதியது: “அவளுடைய நாற்காலியைப் பார்க்க முடியாத நாள்கள்.” யாரோடு உட்காரலாம் என்ற இடத்தில் டீக்கனின் பெயருக்கு மேலே பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் இருக்கிறது. கருவிப்பெட்டியைத் திரும்பக் கேட்கப்போவதில்லையாம், கொடுத்தது கொடுத்ததுதானாம். ஆனால் அவற்றை எப்படிப் பிடிப்பது என்றே அந்தப் பையனுக்குத் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கியிருக்கிறது. ஏப்ரல் மாதம் அவருடைய மனைவியின் நினைவுநாள் வருகிறது. அந்த வாரத்தில் கூடுதலாக ஒரு முறை போய்வர அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். வேறு என்ன முன்கூட்டியே செய்துவைக்கலாம்?

—

கரையோரம் எழுதியது:

அந்த நாளைப் பற்றி அவரிடம் இப்போதே கேளுங்கள், அவரே திட்டமிடட்டும். கல்லறைக்குப் போக விரும்புகிறாரா, வீட்டில் இருக்க விரும்புகிறாரா, யார் உடன் இருக்க வேண்டும் என்பவற்றை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அடக்க ஆராதனையைத் திரையில் மட்டும் பார்த்தவர் அவர் என்பதால், ஆலயத்தில் ஒரு நினைவு ஆராதனையை இப்போது நேரில் நடத்தித் தர முடியுமா என்று டீக்கனிடம் கேட்டுப் பாருங்கள். தங்கை மகனிடமும் பேசுங்கள். துப்பாக்கி ஏப்ரல் கடக்கும்வரையாவது காம்டனிலேயே இருக்கட்டும்.